ஒரு ஓமுக்கும் கீழே - செம்புக் கம்பி கணக்குச் சொன்ன கதை

பி.காம். படித்துவிட்டு வங்கியில் வவுச்சர் பார்க்கிற ஆளுக்கு மின்தடையைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்காருவது என் பொழுதுபோக்கு. தில்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் பொறுக்கி வருவதில் உள்ள சுகம், கரோல் பாக்கில் பட்டுப்புடவை பொறுக்குவதில் இல்லை (இதை என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டார் :-)).

ஆனால் இன்று எழுதப் போவது எலக்ட்ரானிக்ஸ் பாடம் அல்ல. ஒரு விதத்தில் இது பணக் கதை. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் செம்புக் கம்பிகள் உள்ளே ஒரே மாதிரி இல்லை என்பதை அறியாமல் பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கான பவுண்டுகளைக் கடலில் கொட்டின. மிகச் சிறிய மின்தடையை அளக்கக் கற்றுக்கொண்டதே அந்தக் காலத்தில்தான். அதே பிரச்சினை இன்று நம் வீட்டு ஒயரிங்கிலும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

பிரச்சினை என்ன?

வீட்டில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் ஓம் அளவில் வைத்து, சிவப்பு, கறுப்பு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 என்று காட்டும். அது மீட்டரின் சொந்த ஒயர்களுடைய தடை, முனைகள் தொடும் இடத்தின் தடை, சாக்கெட்டின் தடை எல்லாம் சேர்ந்த தொகை.

1,000 ஓம் ரெசிஸ்டரை அளக்கும்போது இந்த 0.3 யாருக்கும் தெரியாது. ஆனால் நாம் அளக்க வேண்டிய பொருளே அரை ஓம்தான் என்றால்? எள்ளை நிறுக்கப் போய்க் கோணிப்பையோடு சேர்த்துத் தராசில் வைத்த கதைதான்.

செம்பு மிக நல்ல கடத்தி. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 17 மில்லி ஓம்தான் தடை தரும். அதாவது 0.017 ஓம். மீட்டரின் ஒயர் அதைப் போல 15 மடங்கு, 20 மடங்கு தடையை வைத்துக்கொண்டு அளக்க வருகிறது!

ஓம் வாத்தியார்

கதையை ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும். கியோர்க் சைமன் ஓம். 1825-ல் அவர் வெவ்வேறு நீளக் கம்பிகளில் மின்னோட்டத்தை அளந்து ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். அது தவறு. காரணம், அன்றைய ரசாயன பேட்டரிகள் நிலையாக இருக்காது. அளந்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிடும்.

அடுத்த ஆண்டு, 1826-ல், அவர் பேட்டரியையே தூக்கிப் போட்டார். செம்பும் பிஸ்மத்தும் சேரும் இரண்டு இணைப்புகளில் ஒன்றைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால் சிறிய மின்னழுத்தம் கிடைக்கும். 1821-ல் சீபெக் கண்ட விஷயம் இது. கொதிநிலையும் உறைநிலையும் மாறாதவை என்பதால் மின்னழுத்தமும் நிலையாக நின்றது. அதிலிருந்து பிறந்ததுதான் நாம் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஓம் விதி. 1827-ல் புத்தகமாக வந்தது.

இந்த வெப்ப மின்சாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓமுக்கு உதவிய இதே ஆசாமி, பின்னால் வந்தவர்களுக்கு வில்லனாக வருவார்.

தராசு வந்தது

1833-ல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி என்பவர் இங்கிலாந்தில் ஒரு சுற்றை விவரித்தார். நான்கு தடைகள், நடுவில் ஒரு கால்வனோமீட்டர். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1843-ல் சார்லஸ் வீட்ஸ்டன் அதை எடுத்துப் பிரபலப்படுத்தினார். இது கிறிஸ்டியினுடையது என்று அவரே சொல்லியும், உலகம் அதை வீட்ஸ்டன் பாலம் என்றே அழைக்கிறது. ஆபீஸில் நோட் எழுதியவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர் என்பது நமக்குப் புதிதா என்ன?

இதன் அழகு, இது தராசு மாதிரி வேலை செய்வது. முள் நடுவில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். முள் எவ்வளவு அசைந்தது என்ற கணக்கு வேண்டாம். தெரிந்த தடையோடு தெரியாத தடையை ஒப்பிட்டுவிடலாம்.

ஆனால் கோணிப்பை விவகாரம் இதிலும் தீரவில்லை. ஒரு ஓமுக்குக் கீழே போனால் திருகாணி இறுக்கிய இடத்தின் தடை, இணைப்புக் கம்பியின் தடை எல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டன. அதைத் தீர்த்தே ஆக வேண்டிய கட்டாயம் கடலிலிருந்து வந்தது.

கடலில் போட்ட பணம்

1850-களில் தந்திக் கம்பெனிகள் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் கேபிள் போடக் கிளம்பின. செம்புக் கம்பி, அதைச் சுற்றி கட்டாபெர்ச்சா என்ற மரப்பால், அதற்கு மேல் இரும்புக் கவசம். செம்பு என்றால் செம்புதானே, விலை குறைவாக எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்கு என்பதுதான் நடைமுறை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் லார்ட் கெல்வின்) வெவ்வேறு ஆலைகளின் கம்பிகளை வாங்கி அளந்து பார்த்தார். பருமன் ஒன்று, நிறம் ஒன்று, விற்கிற பெயரும் ஒன்று. கடத்தும் திறன் மட்டும் ஏகத்துக்கு வித்தியாசம். 1857-ல் ராயல் சொசைட்டியில் இதைக் கட்டுரையாக வாசித்தார். வாங்கும் ஒப்பந்தத்திலேயே கடத்தும் திறனைக் குறிப்பிட வேண்டும் என்று வற்புறுத்தினார்.

1858 ஆகஸ்ட் 5-ம் தேதி கேபிள் கரை சேர்ந்தது. விக்டோரியா மகாராணி அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. சிக்னல் மங்கலாக இருக்கவே, கம்பெனியின் மின்நிபுணர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் (தொழிலால் அறுவை மருத்துவர்!) சுமார் 2,000 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த கேபிள் ஒரு மாதத்துக்குள் முழுசாகச் செத்தது.

அடுத்த அடி நம் பக்கத்துக் கடலில். 1859-60-ல் சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்குக் கேபிள் போட்டார்கள். லண்டனையும் இந்தியாவையும் இணைக்க வேண்டிய கேபிள். மூலதனம் 8 லட்சம் பவுண்டு. அதற்கு அரசு 50 ஆண்டுகளுக்கு நாலரை சதவீத லாபப் பங்கை உத்தரவாதமாகக் கொடுத்திருந்தது. கேபிள் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அந்த உத்தரவாதத்தில் இல்லை. கேபிள் சீக்கிரமே செத்துப்போனது. உத்தரவாதம் சாகவில்லை. ஆண்டுக்கு 36,000 பவுண்டு, கடலுக்கடியில் கிடந்த பயனற்ற இரும்புக்காக! கேரண்டி பத்திரத்தில் ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று புதிதாகச் சேரும் ஆபீசர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

அரசும் அட்லாண்டிக் கம்பெனியும் சேர்ந்து விசாரணைக் குழு போட்டன. அகஸ்டஸ் மாத்தீசன் என்ற வேதியியலாளர் பல சுரங்கங்களின் செம்பை அளந்தார். தூய செம்பின் கடத்தும் திறனை 100 என்று வைத்துக்கொண்டால், ஸ்பெயின் நாட்டு ரியோ டின்டோ செம்பு ஒன்று வெறும் 14-தான் காட்டியது. துளி ஆர்சனிக் கலந்திருந்தாலே போதும், செம்பு பெயருக்குத்தான் செம்பு. கண்ணுக்குத் தெரியாது, தொட்டாலும் தெரியாது. அளந்தால் மட்டும்தான் தெரியும்.

கெல்வின் போட்ட கான்ட்ரா என்ட்ரி

ஆக, செம்பை வாங்குமுன் அளக்க வேண்டும். மைல் கணக்கில் கம்பி இழுத்த பிறகு அளந்து பயனில்லை. கையளவு மாதிரித் துண்டை அளக்க வேண்டும். அதன் தடையோ மில்லி ஓம் கணக்கு. இணைப்புகளின் தடையே அதைவிட அதிகம்.

தாம்சன் 1861-ல் இதற்கு வழி சொன்னார். தெரிந்த கம்பி, தெரியாத கம்பி இரண்டையும் ஒரே வரிசையில் கோத்து மின்சாரம் செலுத்துங்கள். ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் நுழையும் முனைகள் தனி. அளக்கிற முனைகள் தனி, சற்று உள்ளே தள்ளி. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே உள்ள இணைப்பின் தடைதான் மீதித் தொந்தரவு. அதன் இரு பக்கமும் இன்னொரு ஜோடி தடைகளை, வெளி ஜோடியின் அதே விகிதத்தில் வைத்தார். இணைப்பின் பங்கு அந்த விகிதத்திலேயே இரண்டு பக்கமும் பிரிந்து அடிபட்டுப் போகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் கான்ட்ரா என்ட்ரி. பற்றிலும் வரவிலும் ஏறி, நிகரத்தில் ஒன்றுமில்லை. இதைத்தான் கெல்வின் இரட்டைப் பாலம் என்கிறார்கள்.

இதில் சூத்திரத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் அடிப்படை. மின்சாரத்தைச் சுமக்கும் பாதை வேறு, அளவைக் கேட்கும் பாதை வேறு. வங்கியில் வவுச்சர் போடுபவரே அதை பாஸ் செய்யக் கூடாது. கேஷை எண்ணிக் கொடுப்பவரே தணிக்கை செய்யக் கூடாது. சுமப்பவரிடமே கணக்குக் கேட்டால் அவருடைய சொந்தச் செலவையும் சேர்த்துத்தான் சொல்வார். மல்டிமீட்டரின் 0.3 ஓம் அப்படிச் சேர்ந்த செலவுதான்.

அட்லாண்டிக் கேபிள் 1866 ஜூலை 27-ல் வெற்றிகரமாகக் கரை சேர்ந்தது. பழைய கேபிளில் ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு எடைச் செம்பு இருந்தது. புதியதில் 300 பவுண்டு, அதுவும் அளந்து வாங்கிய செம்பு.

ஒரு ஓம் என்றால் எவ்வளவு?

அளக்க வழி கிடைத்தால் படிக்கல் வேண்டாமா? 1860-ல் வெர்னர் சீமன்ஸ் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள பாதரசத் தூணை அலகாக வைத்தார். 1861-ல் பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு குழு போட்டது. தாம்சன், மேக்ஸ்வெல், ஃப்ளீமிங் ஜென்கின் எல்லாம் அதில் இருந்தார்கள். 1865-ல் அவர்களுடைய படிக்கல் வந்தது. 1880-களின் தொடக்கத்தில் லார்ட் ரேலி கேம்பிரிட்ஜில் சரிபார்த்தபோது அது 0.9867 ஓம்தான் என்று தெரிந்தது. மேக்ஸ்வெல் இருந்த குழுவுக்கே 1.3 சதவீதம் குறைந்தது!

அடுத்த தொல்லை, செம்பின் தடை சூட்டோடு ஏறுவது. ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். காலையில் அளந்தது மதியம் ஒத்துப்போகாது. 1892-ல் எட்வர்ட் வெஸ்டன் மாங்கனின் என்ற கலப்பு உலோகத்தைக் கொண்டுவந்தார். செம்பு, மாங்கனீஸ், நிக்கல். அறை வெப்பத்தில் இதன் தடை ஏறக்குறைய மாறாது. இன்றும் பெரிய மின்னோட்டத்தை அளக்கும் ஷண்ட்டுகளில் இதுதான். 50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் என்று எழுதிய ஷண்ட்டைக் கடையில் பாருங்கள். அதன் தடை 1.5 மில்லி ஓம். இரண்டு தடித்த போல்ட்டுகள், இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். சுமக்க இரண்டு, கேட்க இரண்டு. தாம்சன் சொன்னதேதான்.

நான் முன்னே சொன்ன வில்லன் இங்கேதான் வருகிறார். இருவேறு உலோகங்கள் சேரும் இடங்களில் சூடு ஒரு டிகிரி மாறினாலே சில மைக்ரோவோல்ட் தானாக முளைக்கும். மிகச் சிறிய தடையில் நாம் தேடும் மின்னழுத்தமே அவ்வளவுதான். மருந்து எளிது. ஒரு தடவை அளந்துவிட்டு, மின்சாரத்தின் திசையை மாற்றி இன்னொரு தடவை அளக்க வேண்டும். திசை மாறினால் உண்மையான அளவு குறி மாறும், வெப்ப மின்சாரம் மாறாது. இரண்டின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் வில்லன் காணாமல் போவார்.

லைடனில் பூஜ்யம்

அளப்பது கூர்மையானபோது எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. 1911 ஏப்ரலில் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்து அளந்தார். 4.2 கெல்வின் அருகே தடை சட்டென்று அளக்கவே முடியாத அளவுக்கு விழுந்தது. மீட்கடத்தல் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். அந்த அளவீடுகளைச் செய்த உதவியாளர் கில்ஸ் ஹோல்ஸ்டின் பெயர் கட்டுரையில் ஆசிரியராக இல்லை. (மறுபடியும் நோட் எழுதியவர் கதை.)

பூஜ்யம் என்று எப்படி நிரூபிப்பது? எந்தக் கருவியும் இதற்குக் கீழே எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லும். ஓன்னஸ் 1914-ல் ஈயக் கம்பிச் சுருளில் மின்சாரத்தைச் சுழலவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டார். பக்கத்தில் ஒரு காந்த ஊசி. மணிக்கணக்கில் ஊசி அசையவில்லை. சுற்றில் ஒரு ஒயரைக்கூட இணைக்காமல் அளந்துவிட்டார். தொடாமல் கேட்பதற்கு இதற்கு மேல் என்ன இருக்கிறது?

பூசாவில் ஒரு தெருப்பெயர்

தில்லித் தமிழர்கள் பலர் பூசா பக்கம் போகும்போது டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்ற பெயர்ப்பலகையைக் கடந்திருப்பீர்கள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர். 1928-ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது ராமனுடன் உழைத்தவர். அந்தச் சாலையில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். ஆய்வகம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது. உலோகங்களின் மின்தடை அவருடைய ஆராய்ச்சித் துறைகளில் ஒன்று. திரவ உலோகங்களின் தடையைப் பற்றி 1945-ல் பாட்டியா என்பவருடன் சேர்ந்து எழுதியிருக்கிறார்.

இந்தியாவின் ஓம் படிக்கல்லைக் காப்பது அந்த ஆய்வகம்தான். இப்போது பாதரசத் தூண் கிடையாது. 1980 பிப்ரவரியில் கிரெனோபிளில் கிளாவுஸ் வான் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவில் தடை படிக்கட்டுப் படிக்கட்டாக நிற்கும். அதன் அடிப்படை எண் சுமார் 25,812.807 ஓம். எந்த நாட்டில், எந்தச் சில்லில் அளந்தாலும் அதே எண். 2019 மே 20 முதல் சர்வதேச அலகு முறையில் இந்த எண் இயற்கை மாறிலிகளிலிருந்தே வந்துவிடுகிறது.

இனி நம் வீடு

நம்மில் பலர் இங்கே உட்கார்ந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறோம். ஒயர் வாங்குவது அங்கே இருக்கும் மச்சானோ சித்தப்பாவோ. 1.5 சதுர மில்லிமீட்டர், 90 மீட்டர் சுருள் என்று அட்டையில் எழுதியிருக்கும். உள்ளே செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியமா, பருமன் குறைந்த கம்பியா? சுவருக்குள் போய்ப் பூசிவிட்டால் பிறகு ஏ.சி. போடும்போது சூடேறுகிற ஒயர்தான் சொல்லும்.

கணக்கைப் பாருங்கள். நல்ல செம்பானால் அந்தச் சுருள் 20 டிகிரியில் 1.03 முதல் 1.1 ஓம். சாதாரண மல்டிமீட்டர் தன் சொந்த 0.3-ஐச் சேர்த்து 1.4 என்று காட்டும். அந்த 0.3 ஏறக்குறைய 30 சதவீதம். கம்பியில் ஏமாற்றுகிற அளவும் அதுதான்! திருடனும் சாட்சியும் ஒரே உயரம் என்றால் எப்படிப் பிடிப்பது?

வழி சுலபம். எல்.எம்.317 என்ற மூன்று கால் ஐ.சி.யும் ஒரு 12 ஓம் ரெசிஸ்டரும் இருந்தால் சுமார் 100 மில்லி ஆம்பியர் நிலையான மின்னோட்டம் கிடைக்கும். பழைய 5 வோல்ட் செல்போன் சார்ஜர் போதும். அந்த மின்னோட்டத்தைச் சுருளின் இரு முனைகள் வழியே அனுப்புங்கள். சரியாக எத்தனை மில்லி ஆம்பியர் என்று மீட்டரிலேயே ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டரை 200 மில்லிவோல்ட் அளவுக்கு மாற்றி, வேறு இரண்டு ஒயர்களால், மின்சாரம் நுழையும் இடத்துக்குச் சற்று உள்ளே, செம்பைத் தொட்டு அளந்து வகுத்துவிடுங்கள். மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம் என்பதால் அதன் ஒயரில் ஓடுவது சுமார் 10 நானோ ஆம்பியர். அந்த 0.3 ஓம் இப்போது 3 நானோவோல்ட் பிழைதான் தரும். மீட்டர் கண்ணுக்கு அது இல்லாத மாதிரி. (ஒயர் சுவருக்குள் போகுமுன், மெயின்ஸில் இணைக்காத புதுச் சுருளில் மட்டும் செய்யுங்கள்.)

போன மே மாதம் லீவில் ஊருக்குப் போனபோது மச்சான் வாங்கி வைத்திருந்த இரண்டு சுருள்களை இப்படி அளந்தேன். இரண்டும் ஒரே அளவு என்று சொல்லி விற்றவை. ஒன்று 1.12 ஓம். ஊர் வெயிலுக்கு அது சரியான கணக்கு. மற்றது 1.51. "மாப்ளே, பேங்க்ல இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?" என்றார். கடைக்காரர் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். அளந்து வைத்திருந்த எண்ணோடு போனதால் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. தடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. பருமனையும் குறைத்து நீளத்தையும் குறைத்தால் தடை சரியாகவே காட்டும். எனவே எடையும் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர், 90 மீட்டர் என்றால் செம்பு மட்டுமே சுமார் 1.2 கிலோ இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உறை தனி. தடையும் எடையும் சேர்ந்து பொய் சொல்வது கஷ்டம்.

யாராவது அளந்து பார்த்தால் எண்ணைச் சொல்லுங்கள். கூடவே நீளத்தையும் அன்றைய வெப்பநிலையையும் சொல்ல வேண்டும். தில்லி ஜனவரியில் அளந்ததற்கும் சென்னை மே மாதத்தில் அளந்ததற்கும் எட்டு, பத்து சதவீதம் வித்தியாசம் வரும். பாவம், அதற்குக் கடைக்காரரைத் திட்டாதீர்கள் :-)